அடம்பிடிக்கும் சிறிய நாய்க்குக் கழிப்பிடப் பழக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொமரேனியன், ஷிட்ஸு, டாஷ்ஹண்ட், பக், சிஹுவாஹுவா, யார்க்ஷயர் டெரியர் போன்ற சிறிய இன நாய்களையும் அதே அளவுள்ள கலப்பின நாய்களையும் வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள் தரப்படுகின்றன. வீட்டுக்குள் சிறுநீரும் மலமும் கழிக்காமல் குறித்த இடத்தில் கழிக்கப் பழக்குவது மட்டுமே இங்கு பேசப்படுகிறது. ‘அடம்’ என்று வளர்ப்பவர்கள் சொல்வதில் பெரும்பகுதி அடமே அல்ல என்ற கருத்தை ஒட்டியே எல்லாப் பதில்களும் எழுதப்பட்டுள்ளன.

பெரிய நாய்கள் சீக்கிரம் பழகிவிடுகின்றன. சிறிய நாய்க்கு மட்டும் ஏன் மாதக்கணக்கில் ஆகிறது?

உடலமைப்பு ஒரு காரணம். சிறிய நாயின் சிறுநீர்ப்பை சிறியது. அதன் உடல் எடையோடு ஒப்பிட்டால் அது செலவழிக்கும் ஆற்றல் அதிகம். அதனால் அது அடிக்கடி உண்ண வேண்டியிருக்கிறது, அடிக்கடி கழிக்கவும் வேண்டியிருக்கிறது. பெரிய இனக் குட்டி ஒரு நாளில் வெளியே போகும் எண்ணிக்கையை அப்படியே சிறிய குட்டிக்கும் வைத்துக்கொண்டால், இடையில் வீட்டுக்குள் ஈரம் படுவது உறுதி.

ஆனால் உடலமைப்பைவிடப் பெரிய காரணம், வீட்டில் இருக்கும் மனிதர்களின் போக்கு. முப்பது கிலோ எடையுள்ள லாப்ரடார் கூடத்தின் நடுவில் சிறுநீர் கழித்தால் வீடே அமளிப்படும்; அன்றைக்கே ஏதாவது ஒரு வழி தேடுவார்கள். இரண்டு கிலோ சிஹுவாஹுவா சோபாவுக்குப் பின்னால் இரண்டு தேக்கரண்டி அளவுக்குக் கழித்தால், பார்த்தவர் ஒரு காகிதத்தால் ஒற்றி எடுத்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். பல நாட்கள் அது நடந்ததே யாருக்கும் தெரியாது. நாயைப் பொறுத்தவரை, கவனிக்கப்படாமல் போன ஒவ்வொரு முறையும் ஒரு வெற்றிகரமான ஒத்திகை. ஆறு மாதம் இப்படி ஒத்திகை பார்த்த நாயைத்தான் பின்னர் ‘என்ன செய்தாலும் கேட்கமாட்டேன் என்கிறது’ என்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. தான் படுத்து உறங்கும் இடத்தை அசுத்தம் செய்யாமல் இருப்பது நாயின் இயல்பு. முழங்கால் உயரம்கூட இல்லாத நாய்க்கு, வீட்டின் மறுகோடியில் யாரும் அதிகம் புழங்காத அறை தன் உறைவிடத்தின் பகுதியாகத் தோன்றுவதில்லை. விருந்தினர் அறையிலும் சாப்பாட்டு மேசைக்கு அடியிலும் அது போய்க் கழிப்பதற்கு இதுவே காரணம். அதன் கணக்கில் அது ‘வெளியே’தான் போயிருக்கிறது.

என் நாய் வேண்டுமென்றே செய்கிறதா, அல்லது அதற்குப் புரியவில்லையா?

வேண்டுமென்று செய்வது என்றால், வீட்டுக்குள் கழிப்பது தவறு என்று தெரிந்தும் நம்மை வருத்துவதற்காகச் செய்வது என்று பொருள். நாய்க்குச் சிறுநீரும் மலமும் அருவருப்பான பொருட்கள் அல்ல. அவற்றைக் கொண்டு பழிவாங்க முடியும் என்ற எண்ணம் அதற்கு வர வழியில்லை. உரிமையாளர் வெளியூர் போயிருக்கும்போது அவருடைய தலையணையில் கழிக்கும் நாய் கோபத்தைக் காட்டவில்லை. தனிமையில் பதற்றமடைந்து, அவருடைய வாசனை அதிகமுள்ள இடத்தைத் தேடிப்போய் அங்கே கட்டுப்பாட்டை இழக்கிறது.

‘அடம்’ என்று நாம் பெயர் வைப்பதைப் பிரித்துப் பார்த்தால் அடியில் ஏதேனும் ஒரு காரணம் இருக்கும்: உடல்நலக் குறைவு, வெளியே போக அச்சம் அல்லது அசௌகரியம், தவறான நேரம், பழைய வாசனை, முன்பே பழகிய மேற்பரப்பு, அல்லது நம் எதிரில் கழித்தால் அடி விழும் என்ற பயம். எது என்று கண்டுபிடிக்காமல் பயிற்சியை மட்டும் கடுமையாக்குவது பயனற்றது.

முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டுமா?

ஒழுங்காக இருந்த நாய் திடீரென்று வீட்டுக்குள் கழிக்கத் தொடங்கினால் கட்டாயம் காட்ட வேண்டும். சிறுநீர்த் தொற்று, சிறுநீர்ப்பைக் கல், நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு ஆகிய எல்லாமே முதலில் ‘பழக்கம் கெட்டுவிட்டது’ போலத்தான் வெளிப்படும். ஷிட்ஸு, லாஸா அப்ஸோ, மினியேச்சர் ஷ்னாஸர் போன்ற இனங்களில் சிறுநீர்ப்பைக் கல் அதிகம் காணப்படுகிறது. பிறந்ததிலிருந்தே சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருக்கும் பெண்குட்டிக்குச் சிறுநீர்க் குழாய் தவறான இடத்தில் இணைந்திருக்கலாம். அதற்குத் தேவை பயிற்சியல்ல, சிகிச்சை. கருத்தடை செய்யப்பட்ட பெண் நாய் உறங்கும்போது படுக்கை நனைந்தால், சிறுநீர்ப்பையின் சுருக்குத் தசை தளர்ந்திருக்கக்கூடும். இதற்கு நல்ல மருந்துகள் உள்ளன. முதுகெலும்பு வட்டு நோய்க்கு ஆளாகும் டாஷ்ஹண்ட், குனிந்து உட்காரும்போது வலிப்பதாலேயே மலம் கழிப்பதைத் தள்ளிப்போடலாம். ஸ்டீராய்டு மருந்து எடுத்துக்கொள்ளும் நாய் நிறையத் தண்ணீர் குடிக்கும், நிறையச் சிறுநீரும் கழிக்கும்.

ஒரு நாளில் உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் தண்ணீர் குடிக்கிறதா என்று அளந்து பாருங்கள். நான்கு கிலோ நாய் தொடர்ந்து 400 மில்லிக்கு மேல் குடித்தால் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சிறுநீரில் இரத்தம் தெரிந்தாலும் உடனே காட்டுங்கள். நாய் மீண்டும் மீண்டும் முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால், அதிலும் ஆண் நாயாக இருந்தால், மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

எந்த வயதில் தொடங்குவது? எவ்வளவு நேரம் அடக்க முடியும்?

குட்டி வீட்டுக்கு வந்த நாளே தொடங்கலாம். எந்த வகைத் தரையில் கழிப்பது என்ற விருப்பம் ஏறக்குறைய எட்டாவது, ஒன்பதாவது வாரத்திலேயே உருவாகத் தொடங்கிவிடுகிறது. அந்த வயதில் புல்லிலும் மண்ணிலும் கழித்துப் பழகிய குட்டி பிற்காலத்திலும் அவற்றைத் தேடும். துணியிலும் காகிதத்திலும் பழகியது மிதியடியைத் தேடும்.

குட்டியின் வயதை மாதத்தில் எண்ணி அதனுடன் ஒன்றைக் கூட்டினால் வரும் மணிநேரம் வரை அடக்கும் என்று ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணிநேரம் என்று வருகிறது. இது அமைதியாகப் படுத்திருக்கும் குட்டிக்கான மேல்வரம்பு மட்டுமே. சிறிய இனங்களில் அதையும் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ள வேண்டும். விழித்து ஓடியாடிக்கொண்டிருக்கும் இரண்டு மாதக் குட்டியை முக்கால் மணிநேரத்துக்கு ஒருமுறை வெளியே கொண்டுபோனாலும் அது மிகையல்ல. தூங்கி எழுந்தவுடன், சாப்பிட்ட 5 முதல் 30 நிமிடங்களுக்குள், விளையாட்டு முடிந்தவுடன், இரவு படுப்பதற்குமுன் என்ற நான்கு வேளைகளும் தப்பக் கூடாது. வயிற்றில் உணவு இறங்கியதும் பெருங்குடல் அசையத் தொடங்குவதால், உணவுவேளை ஒழுங்காக இருந்தால் மலம் கழிக்கும் வேளையும் தானாக ஒழுங்குபடும். நாள் முழுவதும் தட்டில் தீனி கிடக்கும் வீட்டில் இந்த ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது.

தடுப்பூசிகள் முடியாத குட்டியைப் பிற நாய்கள் புழங்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். குட்டிகளுக்கு உயிராபத்தான வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் நெடுங்காலம் உயிரோடு இருக்கும். சொந்தத் தோட்டமோ, பால்கனியில் வைத்த புல்தட்டோ அதுவரை போதும்.

வெளியே எவ்வளவு நேரம் நின்றாலும் எதுவும் செய்வதில்லை. உள்ளே காலை வைத்ததும் கழித்துவிடுகிறது. இது அடம் இல்லையா?

அதிகம் பேரைச் சலிப்படைய வைப்பது இதுதான். நாய் மிகத் தெளிவாகக் கற்றுக்கொண்ட பாடமும் இதுதான். சிறிய நாய்க்கு வெளியுலகம் பெரும் சுவாரசியம். கழித்தவுடன் வளர்ப்பவர் சங்கிலியை இழுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்புகிறார். நான்கு முறை இப்படி நடந்தால் போதும். கழித்தால் உலாத்தல் முடிந்துவிடும் என்று நாய் கணக்குப் போட்டுவிடும். அதன்பின் முடிந்தவரை அடக்கி வைத்திருந்து, அடக்க அவசியமில்லாத வீட்டில் விட்டுவிடும்.

இந்த வரிசையைத் திருப்பிப்போட வேண்டும். வாசலை விட்டு இறங்கியதும் நேராக ஒரே இடத்துக்குப் போய் நில்லுங்கள். நடக்க வேண்டாம், கொஞ்ச வேண்டாம், கைப்பேசியில் பேசவும் வேண்டாம். சங்கிலியின் நீளத்துக்குள் அது முகர்ந்து திரியட்டும். ஐந்து நிமிடத்துக்குள் கழித்தால் அதன் பிறகே உலாத்தலும் விளையாட்டும் தொடங்கும். கழிக்காவிட்டால் உள்ளே கொண்டுவந்து, சங்கிலியை அவிழ்க்காமல் உங்கள் இடுப்பில் கட்டிக்கொண்டோ, மடியில் வைத்துக்கொண்டோ, கூண்டில் விட்டோ பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் அதே இடத்துக்குப் போங்கள். உள்ளே வந்ததும் அவிழ்த்து விட்டுவிடுவதுதான் எல்லாரும் செய்வது. நாய் காத்திருப்பதும் அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான்.

அச்சமும் இதே விளைவைத் தரும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கும் உடலுக்கு, கடந்து போகும் வண்டியும் வேலிக்கு அப்பால் குரைக்கும் பெரிய நாயும் நமக்குத் தெரிவதைவிடப் பன்மடங்கு பெரியவை. சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டே நிற்கும் நாய், வாலை ஒடுக்கிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பும் நாய், கழிக்கத் தேவையான அளவுக்கு உடலைத் தளர்த்தவே முடியாது. அமைதியான மூலையைத் தேர்ந்தெடுத்தால், பிடிவாதம் என்று நினைத்தது சில நாட்களில் விலகிவிடுவதைப் பார்க்கலாம்.

கழிக்கப்போகிறது என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்?

பெரிய நாயிடம் எளிதில் தெரியும் அறிகுறிகள் சிறிய நாயிடம் சட்டென்று கடந்து போய்விடும். விளையாடிக்கொண்டிருந்த குட்டி காரணமில்லாமல் நிறுத்தும். மூக்கு தரையோடு ஒட்டும். நடை சற்று வேகமாகி, ஒரு சிறு வட்டம் போடும். அல்லது திடீரென்று அறையை விட்டு வெளியேறும். பின்னங்கால்கள் விறைத்து முதுகு லேசாக வளைந்தால் இரண்டு மூன்று வினாடிதான் இருக்கிறது. ஒரு வாரத்துக்கு அது உண்ட நேரம், உறங்கிய நேரம், கழித்த நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துவைத்தால் அடுத்த வாரம் இந்த அறிகுறிகளுக்காகக் காத்திருக்கத் தேவையிருக்காது. நாய்களுக்கு நம்மைவிடக் கடிகாரம் நன்றாகத் தெரியும்.

எப்போது பாராட்ட வேண்டும்? பிஸ்கட் கொடுத்துப் பழக்கலாமா?

கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஆனால் அது கழித்து முடித்த ஓரிரு வினாடிகளுக்குள், கழித்த இடத்திலேயே, பட்டாணி அளவு துண்டாகக் கிடைக்க வேண்டும். வீட்டுக்குள் வந்து டப்பாவைத் திறந்து கொடுத்தால், வீட்டுக்குள் வந்ததற்குத்தான் பரிசு என்று நாய் எடுத்துக்கொள்ளும். எனவே தீனி உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும்.

முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் இருப்பதும் முக்கியம். பாதியில் ‘சமர்த்து!’ என்று உற்சாகமாகக் கூவினால் குட்டி அப்படியே நிறுத்திவிட்டு உங்களிடம் ஓடிவரும். மீதி வீட்டுக்குள் வந்து இறங்கும். சிறிய நாய்கள் பல, குறிப்பாகக் காலையில், ஒரே தடவையில் முழுவதும் கழிப்பதில்லை. முதல் முறை முடிந்தபின் இன்னும் இரண்டு மூன்று நிமிடம் அங்கேயே நின்றால் இரண்டாவது முறையும் போகும். அது குனியும் தருணத்தில் ‘சூச்சூ’, ‘கக்கா’ என்று உங்கள் வீட்டில் வழங்கும் சொல் எதையாவது ஒரே குரலில் மெதுவாகச் சொல்லிவந்தால், நாளடைவில் அந்தச் சொல்லைக் கேட்டாலே கழிக்கும்.

வீட்டுக்குள் கழித்தால் அடிக்கலாமா? மூக்கை அதில் தேய்த்தால் புரியும் என்கிறார்களே?

கூடாது. இந்த ஒரு கேள்விக்கு விதிவிலக்கே இல்லை. நடந்து முடிந்த செயலையும் இப்போது விழும் அடியையும் நாய் இணைத்துப் பார்ப்பதில்லை. கண்ணெதிரே பிடித்து அடித்தாலும், மனிதர் முன்னால் கழிப்பது ஆபத்து என்பதே அதற்குப் புரியும். அப்படிப் புரிந்துகொண்ட நாய், கட்டிலுக்கு அடியில் ஒளிந்து கழிக்கும். அதைவிட மோசமாக, வெளியே சங்கிலியின் மறுமுனையில் நீங்கள் நிற்கும்போதும் கழிக்காது. முந்தைய கேள்வி ஒன்றில் பார்த்த ‘வெளியே எதுவும் செய்வதில்லை’ என்ற புகாரில் ஒரு பங்கு இங்கிருந்துதான் பிறக்கிறது. சில நாய்கள் தடயத்தை மறைப்பதுபோல் தம் மலத்தைத் தின்னவும் தொடங்கும்.

‘திட்டும்போது அதன் முகத்தில் குற்ற உணர்வு தெரிகிறதே’ என்று பலர் சொல்கிறார்கள். விலங்கு நடத்தை ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதையே சோதித்தது. தின்னக்கூடாது என்று சொல்லிவைத்த தீனியை நாய் தின்றதா இல்லையா என்பதைப் பொறுத்து அந்த முகபாவம் அமையவில்லை. உரிமையாளர் திட்டினாரா என்பதைப் பொறுத்தே அமைந்தது. தின்னாமலேயே திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் கூடுதலாகத் தெரிந்தது. தாழ்ந்த தலையும் ஒடுங்கிய காதும் நம் குரலுக்கு அது காட்டும் பயம். அதைக் குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொண்டு தண்டிப்பது அநியாயம்.

கழித்துக்கொண்டிருக்கும்போதே பார்த்துவிட்டால், மெதுவாகக் கை தட்டி அதன் கவனத்தைத் திருப்பி, தூக்கிக்கொண்டு வெளியே போங்கள். அங்கே மீதியை முடித்தால் பாராட்டுங்கள். பார்க்காமல் விட்டிருந்தால் துடைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள்.

கூண்டில் அடைப்பது கொடுமையில்லையா?

நாள் முழுவதும் அடைத்துவைப்பது கொடுமைதான். ஆனால் நீங்கள் குளிக்கவோ சமைக்கவோ போகும் நேரத்தில், கண்காணிக்க ஆளில்லாத இடைவெளியை அடைப்பதற்கு அதைவிட நல்ல கருவி இல்லை. நாய் எழுந்து நிற்கவும் திரும்பவும் காலை நீட்டிப் படுக்கவும் இடம் இருந்தால் போதும். சிறிய நாய்க்குப் பெரிய கூண்டு வாங்குவது பொதுவாக நடக்கும் தவறு. ஒரு மூலையில் கழித்துவிட்டு மறுமூலையில் படுத்துக்கொள்ள இடம் இருந்தால் கூண்டின் பயனே போய்விடுகிறது. பெரிதாக வாங்கிவிட்டால் அட்டையால் தடுத்துச் சிறிதாக்கிக்கொள்ளலாம். உணவை அதற்குள் வைத்து, கதவைத் திறந்தே விட்டு, அது தானாக உள்ளே போய்ப் படுக்கும்வரை பொறுத்திருந்து பழக்குங்கள். பகலில் தொடர்ந்து மூன்று மணிநேரத்துக்கு மேல் குட்டியை அடைக்க வேண்டாம்.

எங்கள் குட்டி கூண்டுக்குள்ளேயே கழித்து, அதன்மேலேயே படுத்துக்கொள்கிறது. என்ன செய்வது?

பிறந்ததிலிருந்து நெருக்கமான கூண்டிலேயே வளர்க்கப்பட்ட குட்டிகளிடம், படுக்கும் இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் இயல்பு மங்கிப்போயிருக்கும். விற்பனைக்காகக் கூட்டமாக வளர்க்கப்படும் சிறிய இனங்களில் இது சாதாரணம். இத்தகைய குட்டிக்குக் கூண்டு முறை உதவாது. அதில் அடைத்தால் இருக்கும் கொஞ்ச இயல்பும் போய்விடும். தடுப்புவேலி போட்ட சிறு இடத்தில் ஒரு பக்கம் படுக்கையும் மறுபக்கம் சிறுநீரை உறிஞ்சும் மெத்தென்ற விரிப்பான பேடும் வைத்து, இரண்டும் வேறு வேறு என்பதை முதலில் உணரச் செய்ய வேண்டும். விழித்திருக்கும் நேரமெல்லாம் உங்கள் கண்பார்வையில் இருக்கட்டும். இதற்கு மற்ற குட்டிகளைவிடப் பல வாரங்கள் கூடுதலாக ஆகும்.

மழை பெய்தால் வாசலைத் தாண்டவே மறுக்கிறது. எப்படிப் பழக்குவது?

வாசற்படியில் நின்று ஒரு முன்னங்காலைத் தூக்கி, ஈரத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்து, காலை உதறிவிட்டு, உங்களை நிமிர்ந்து பார்க்கும். அப்படியே திரும்பி மிதியடியில் போய் வேலையை முடித்துவிடும். பார்ப்பதற்கு இது திமிராகத் தெரியலாம். ஆனால் குட்டைக் கால் நாய்க்கு நனைந்த புல் கணுக்காலோடு நிற்பதில்லை, அடிவயிற்றைத் தொடுகிறது. சிறிய உடல் விரைவில் வெப்பத்தை இழக்கும். மெல்லிய மயிருள்ள இனங்களுக்குக் குளிர் உண்மையிலேயே துன்பம்.

கூரை அல்லது தார்ப்பாய்க்கு அடியில் உலர்ந்த ஓரிடத்தை ஒதுக்கிக் கொடுப்பதே எளிய வழி. அங்கே புல்லைக் கட்டையாக வெட்டி வைக்கலாம்; நாய்க்கு மழைச்சட்டையும் போடலாம். நீங்களும் குடை பிடித்துக்கொண்டு உடன் நிற்க வேண்டும். கதவைத் திறந்து நாயை மட்டும் வெளியே தள்ளிவிட்டு, சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தால், அது கதவோரம் ஒண்டி நின்றுவிட்டுக் கழிக்காமலேயே திரும்பும்.

பேடில் பழக்குவதா, வெளியே பழக்குவதா?

வெளியே கொண்டுபோக முடியும் என்றால் தொடக்கத்திலிருந்தே வெளியே பழக்குங்கள் என்பது என் கருத்து. பேடில் பழகிய நாய் ‘காலடியில் மெத்தென்று இருப்பதெல்லாம் கழிப்பிடம்’ என்று எடுத்துக்கொள்கிறது. தரைவிரிப்பும் குளியலறைத் துண்டும் அதன் கண்ணில் பேடின் உறவினர்கள். பின்னர் வெளியே மாற்றுவது இரண்டாவது பயிற்சி, அதுவும் முதலாவதைவிடக் கடினமானது.

இருந்தாலும், உயரமான அடுக்குமாடியில் வசிப்பவர்கள், நடக்க இயலாத முதியவர்கள், நீண்ட நேரம் வெளியே வேலை பார்ப்பவர்கள் ஆகியோருக்கு உள்ளேயே நிரந்தர இடம் வைப்பது நியாயமான ஏற்பாடு. சிறிய நாய் வளர்ப்பதில் உள்ள சலுகையே அதுதான். அப்படியானால் பேடுக்குப் பதிலாகப் புல்தட்டு வைப்பது நல்லது, ஏனென்றால் வீட்டில் அதைப்போல வேறு பொருள் இருக்காது. பேடை வெளியே மாற்ற விரும்பினால் நாளுக்கு ஓரிரு அடியாகக் கதவை நோக்கி நகர்த்தி, கதவைத் தாண்டியதும் அளவைச் சிறிதாக்கிக்கொண்டே போய் நீக்கிவிடலாம்.

துடைத்துக் கழுவியும் அதே இடத்துக்கே போகிறது. ஏன்?

நமக்குப் போய்விட்ட வாசனை நாய்க்குப் போகவில்லை. சாதாரணத் தரைத் திரவம் மணத்தை மூடுமே தவிர, சிறுநீரில் உள்ள யூரிக் அமிலப் படிவை உடைக்காது. அதை உடைக்க நொதிகள் சேர்ந்த துப்புரவுத் திரவம் வேண்டும். அதைத் தெளித்து உடனே துடைக்காமல், ஈரம் இறங்கிய ஆழம் வரை ஊறவிட்டு, தானாக உலர விட வேண்டும். அமோனியா கலந்தவற்றைத் தவிர்க்க வேண்டும், ஏனென்றால் சிறுநீரின் நெடியிலும் அதுவே இருக்கிறது. இருட்டில் புறஊதா டார்ச் அடித்துப் பார்த்தால் மறந்துபோன பழைய கறைகள் ஒளிரும். முதன்முறை அடித்துப் பார்ப்பவர்கள் கொஞ்சம் மனதைத் திடப்படுத்திக்கொள்வது நல்லது.

எங்கள் ஆண் நாய் சோபாக் காலிலும் திரைச்சீலையிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்கிறது. இதுவும் இதே பிரச்சினையா?

இல்லை. சிறிதளவு, செங்குத்தான பரப்பில், பெரும்பாலும் காலைத் தூக்கி விடுவது எல்லை குறித்தல். அது பருவ வயதில், அதாவது ஆறு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் தொடங்கும். பெண் நாய்களும் சில செய்வதுண்டு. புதிய பொருள், விருந்தினரின் பை, இன்னொரு நாயின் வாசனை ஆகியவை தூண்டும். கருத்தடை செய்தால் பல ஆண் நாய்களிடம் இது குறையும். நெடுநாள் ஊறிய பழக்கமாக இருந்தால் முழுதாக நிற்காமலும் போகலாம். வயிற்றைச் சுற்றிக் கட்டும் துணிப்பட்டை சோபாவைக் காப்பாற்றுமே தவிர நாய்க்கு எதையும் கற்றுத்தராது. அதைக் கட்டிவிட்டுக் கண்காணிப்பைக் கைவிட்டால் பட்டை நாள் முழுதும் ஈரமாக இருந்து தோல் புண்ணாகும்.

யாராவது வந்து கொஞ்சினால் நின்ற இடத்திலேயே சிறுநீர் போய்விடுகிறது.

இது பணிவினாலோ அதிக உற்சாகத்தாலோ தன்னையறியாமல் வெளியேறுவது. பயிற்சிக் குறைவு அல்ல. திட்டினால் அதிகமாகும். வருபவர்கள் முதல் சில நிமிடம் நாயைப் பார்க்காமல் உட்கார்ந்து, பிறகு மேலிருந்து கையை நீட்டாமல் பக்கவாட்டில் குனிந்து தொடட்டும். பெரும்பாலான குட்டிகளுக்கு ஒரு வயதுக்குள் தானாக நின்றுவிடும்.

தண்ணீரைக் குறைத்தால் சிக்கல் குறையாதா?

பகலில் ஒருபோதும் குறைக்க வேண்டாம். சிறுநீர் அடர்த்தியானால் கல்லும் தொற்றும் எளிதில் வரும். ஆரோக்கியமான குட்டிக்குப் படுப்பதற்கு ஒரு மணிநேரம் முன்பு தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைப்பது மட்டும் ஏற்கத்தக்கது. உணவிலும் இதே எச்சரிக்கை வேண்டும்: மிகச் சிறிய இனக் குட்டிகள் நெடுநேரம் பட்டினி கிடந்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். இரவில் மலம் கழிக்காமல் இருக்க மாலை உணவை நிறுத்துவது இத்தகைய குட்டிகளுக்குக் கூடாது.

இரவில் எத்தனை முறை எழ வேண்டும்?

மூன்று மாதம் ஆகாத குட்டிக்கு ஒருமுறையோ இருமுறையோ எழ வேண்டியிருக்கும். கூண்டு உங்கள் கட்டிலுக்கு அருகில் இருந்தால் அதன் முனகல் கேட்கும். விளக்கைப் போடாமல், பேசாமல் தூக்கிக்கொண்டு போய், கழித்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுங்கள். நடுஇரவில் விளையாடினால், நாளை இரவு விளையாடுவதற்காகவே எழுப்பும்.

வளர்ந்த நாயைத் தத்தெடுத்திருக்கிறோம். இனிமேல் பழகுமா?

பழகும். வளர்ந்த நாயின் சிறுநீர்ப்பை முதிர்ந்திருப்பதால் குட்டியைவிட விரைவாகவே பழக வாய்ப்புண்டு. அதைக் குட்டி என்று நினைத்துக்கொண்டு முதல் நாளிலிருந்து தொடங்குங்கள். முன்பிருந்த இடத்தில் சிமெண்ட் தரையில் மட்டுமே கழித்திருந்தால் புல்லைக் கண்டு திகைக்கும். அதற்குப் பழகிய தரையையே முதலில் கொடுத்துவிட்டு மெல்ல மாற்றலாம். முந்தைய வீட்டில் அடி வாங்கிய நாய் உங்கள் முன்னால் கழிக்கத் தயங்கும். நீளமான கயிறு கட்டி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றால் அது தயக்கத்தை விடும்.

எப்போது ‘பழகிவிட்டது’ என்று நம்பி வீடு முழுவதும் திறந்துவிடலாம்?

சிறிய நாய்களில் நான்கு முதல் ஆறு மாதம் ஆவது சாதாரணம். ஒரு வருடம் ஆவதும் அரிதல்ல. ஒரு வாரம் வீடு உலர்ந்திருந்தது என்பதற்காகக் கண்காணிப்பை விட்டுவிடுவதால்தான் பலருக்கு எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது. தொடர்ந்து இரண்டு மாதம் ஒரு தவறும் நடக்காவிட்டால் ஓர் அறையைக் கூடுதலாகத் திறங்கள். அந்த அறையில் முதலில் நீங்களும் நாயோடு உட்கார்ந்து, விளையாடி, அங்கேயே ஒரு வேளை உணவும் கொடுங்கள். உண்டு உறங்கும் இடமாக அது மனதில் பதிந்தால் அங்கே கழிக்க நாய் தயங்கும். இரண்டு வாரம் சுத்தமாக இருந்தால் அடுத்த அறைக்குப் போகலாம். இடையில் தவறு நேர்ந்தால் கடைசியாகத் திறந்த கதவை மட்டும் மூடினால் போதும், கூண்டுக்குத் திரும்ப வேண்டியதில்லை. வீடு மாறும்போதும், வீட்டுக்குக் குழந்தையோ இன்னொரு நாயோ வரும்போதும் சில வாரங்களுக்கு ஓர் அறையிலிருந்தே மறுபடி தொடங்குங்கள். வயதான நாய் பழக்கத்தை மறந்து தவறான கதவில் போய் நின்றால், மூளை மூப்பின் அறிகுறியா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.